கதவடியில் சாக்கு

பாதித் தேநீர் குடித்த பிறகுதான் நினைவு வந்தது, இன்றைக்கு இன்னாசியை இன்னும் கொல்லவில்லை என்று. டம்ளர் உள்ளங்கையில் இதமாகச் சுடுகிறது, முதுகில் வெயில் ஏறியிருக்கிறது, வெந்நீர் அடுப்பின் சாம்பலில் நான் புதைத்து வைத்த உருளைக்கிழங்கு தோல் வெடித்து மணக்கிறது, நான் பாட்டுக்கு விறகு பிளக்கும் கட்டைமேல் உட்கார்ந்து எதிர்மலையில் பனி கரைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. முகத்தில் தண்ணீர் படுவதற்குள் அவனைக் கொன்று முடித்திருப்பேன். சில நாள் கோடாலியால். சில நாள் அவன் வேலை பார்க்கிற கேரட் கழுவும் இடத்தில், அந்த இரும்புப் பீப்பாய் சுற்றும்போது பின்னால் போய் ஒரே தள்ளு. சேற்றுத் தண்ணீரும் கேரட்டும் அவன் கையும் காலும் ஒன்றாகச் சேர்ந்து உருளும், எலும்பு தகரத்தில் மோதுகிற சத்தம்கூட எனக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைதான் இதெல்லாவற்றையும்விடச் சுலபம். மாதா கோயிலுக்குப் போவதற்கு முன்னால் அவன் தன் வாசல் ஆணியில் கண்ணாடியை மாட்டி வைத்து முகம் மழிப்பான். அவன் வீடு கீழ் வரிசை, என் வீடு மேல் வரிசை. தலையை அண்ணாந்து தாடைக்குக் கீழே தோலை இழுத்துப் பிடிப்பான், அந்தத் தொண்டை மேலே என்னைப் பார்த்துத் திறந்து கிடக்கும். நான் இங்கே டம்ளரைப் பிடித்தபடி அங்கே பிளேடைப் பிடித்திருப்பேன். சூடாக வரும், சோப்பு நுரையை இளஞ்சிவப்பாக்கிக்கொண்டு இறங்கும், கண்ணாடியில் தெறிக்கும், அவன் கண் கண்ணாடி வழியாக என்னைக் கண்டுபிடிக்கும், நான் ஒன்றும் சொல்லாமல் நிற்பேன். ஒன்றும் சொல்லாமல் நிற்பதுதான் அதில் முக்கியம். பிறகு மிச்சத் தேநீரைக் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆணி வெறுமனே இருக்கிறது. அதையும் இப்போதுதான் கவனிக்கிறேன்.

பயமாக இருக்கிறது. மறந்ததால் பயமில்லை, மறந்திருந்தபோது நன்றாக இருந்தது, அதனால் பயம். மார்கழியிலும் தையிலும் நாள் முழுக்க எலும்புக்குள் உட்கார்ந்திருக்கிற குளிர், மாசியில் வெயில் வந்ததும் எழுந்து போய்விடுகிறது. இருட்டோடு வந்து கடிக்கும், விடிந்தால் விட்டுவிடும். கொடியில் போட்ட துணி பலகை மாதிரி விறைத்து நிற்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து இளகிச் சொட்டும், தகரக் கூரைகளிலெல்லாம் ஆவி கிளம்பும், ஊரே சோறு வடித்து வைத்த மாதிரி இருக்கும். இந்த நாட்களில் உடம்பு என்னைக் கேட்காமல் சந்தோஷப்படுகிறது. முட்டி வலி இல்லை. கிழங்கின் மணம் மூக்கில் ஏறினால் வாயில் நீர் ஊறுகிறது. செவந்தி இருந்தால் உப்பும் மிளகாயும் நசுக்கிக் கொண்டுவந்திருப்பாள் என்று நினைக்கிறேன், அதுகூட வலிக்கவில்லை, ஒரு வாசனையைப் போல வந்துவிட்டுப் போகிறது. இது எப்படி நடக்கலாம். அவளை என்னிடமிருந்து யாரோ கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போகிறார்கள், வெயிலையும் கிழங்கையும் பதிலுக்கு வைத்துவிட்டு. அவள் சிரிக்கும்போது எந்தப் பக்கத்துப் பல் தெரியும்? இடது பக்கமா, வலது பக்கமா? தெரியவில்லை. அவன் தொண்டை எலும்பு எப்படி ஏறி இறங்கும் என்று தெரிகிறது. என்னிடம் அவள் மிச்சம் இருப்பதே அவன் வழியாகத்தான். அவனைக் கொல்வதை நிறுத்தினால் நான் அவளுக்கு யார்.

செவந்தி என் மனைவி. அவள் தங்கச்சியின் பிரசவத்துக்கு மேட்டுப்பாளையம் போகவேண்டியிருந்தது, பஸ் போய்விட்டது. இன்னாசி அப்போது லாரி ஓட்டுகிறவன், கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்குகிறவன், அவளை அக்கா என்பான், அதனால் என்னை மச்சான் என்பான், எங்கள் வீட்டுச் சட்டியில் கைவிட்டுத் தின்கிறவன். வாக்கா, பஸ்ஸுக்கு முன்னாடி கொண்டுபோய் இறக்கிவிடுறேன் என்று அவள் பையை வாங்கி உள்ளே வைத்தான். கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. அவன் குதித்தான். அவள் குதிக்கவில்லை. லாரி பாறை பாறையாக இறங்கிப் போனது. நான் போய்ச் சேர்ந்தபோது சரிவெல்லாம் கேரட்டாகச் சிதறிக் கிடந்தது, எது கேரட் எது அவள் என்று பிரித்துப் பிரித்து இறங்கினேன். ஒரு செருப்பு. ஒரு கை வளையலோடு. பிரேக்குக்காக அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, இரும்பு தேயத்தான் செய்யும். குதித்ததற்குக்கூட இல்லை, யாரும் குதிப்பான். கத்தினானா? அதுதான். அக்கா, குதின்னு கத்தினேன் என்று போலீசில் சொன்னான், கோர்ட்டில் சொன்னான், டீக்கடையில் சொன்னான், நான் காது கொடுக்காதபோது என் முதுகுக்குச் சொன்னான். கத்துனேன் மச்சான், எதிர்மலையில பட்டு எனக்கே திரும்பி வந்துச்சு, அக்காவுக்குத்தான் கேக்கல. அந்த எதிரொலியில்தான் பொய் பிடிபடுகிறது. விழுகிற வண்டியிலிருந்து குதிக்கிறவன் எதிரொலி கேட்டுக்கொண்டா குதிப்பான்? வளைவுக்கு மேலே மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு ஆளைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். கண்ணாடி ஒடையற சத்தம் கேட்டுச்சு, மனுசக் குரல் ஒண்ணும் கேக்கல என்றான். போதும். கத்துவதில் என்ன கஷ்டம்? நான் காவல்காரன். தோட்டத்தில் இறங்குகிற காட்டுமாட்டைக் குரலால் திருப்பி அனுப்புகிறவன், நான் கத்தினால் இரண்டு மலைக்குக் கேட்கும். வாயைத் திறந்தால் வருகிற ஒன்று. ஒரு சொல். அதை அவளுக்குக் கொடுக்காமல் தன் உடம்பை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனான். அதற்காகத்தான் நான் அவனைக் கொல்லும்போதும் ஒன்றும் சொல்வதில்லை.

கீழே பொதுக்குழாயில் ருக்மணி காகிதத்தைக் கொளுத்திக் குழாயைச் சுற்றிக் காட்டுகிறாள், உள்ளே தண்ணீர் உறைந்து கிடக்கிறது. இன்னாசி வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது, ஒரே சுவர். என்ன மருதண்ணே, மொதலையாட்டம் வெயில் காயுறே, பல்லு குத்திவிட ஒரு குருவி வேணுமா என்று கேட்கிறாள். நான் டம்ளரைத் தூக்கிக் காட்டுகிறேன். குழாய் இருமுகிறது, துப்புகிறது, பிறகு ஒழுங்காக விழுகிறது. அந்தச் சத்தம்கூட நன்றாக இருக்கிறது, சனியன். உன் மச்சான் இன்னும் எந்திரிக்கல போல, நேத்து ராவுக்கு நல்லா ஏத்தியிருப்பான், பூசை போச்சு என்று சிரித்துக்கொண்டு குடத்தைத் தூக்கிப் போகிறாள். இந்த லைன் வீடுகளில் அவனை உன் மச்சான் என்று என்னிடம் சொல்லத் துணிகிறவள் அவள் ஒருத்திதான். நான் அவன் கதவைப் பார்க்கிறேன். சாத்தியிருக்கிறது. ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பிளாஸ்டிக் தாள் அடித்திருக்கிறது, மாசிக் காற்றுக்கு எல்லாரும் அடிப்பதுதான். கதவுக்குக் கீழே இடுக்கில் சாக்கின் ஓரம் பிதுங்கித் தெரிகிறது. உள்ளேயிருந்து திணித்த சாக்கு. அது இன்னும் எடுக்கப்படவில்லை. அவன் எழுந்திருந்தால் முதலில் அதைத்தான் காலால் தள்ளுவான்.

நேற்று வெளிச்சம் போகிற நேரத்தில் அவன் வாசலில் குந்தி இரும்புச் சட்டியில் கரியை விசிறிக்கொண்டிருந்தான். புகை அடங்கி, கரி முழுதும் சிவந்து, மேலே வெள்ளைச் சாம்பல் பூக்கிற வரைக்கும் விசிறினான். எங்கள் மலையில் எல்லாரும் அப்படித்தான். புகைதான் ஆளை அடிக்கும், புகை போன கரி குழந்தை மாதிரி, கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கலாம் என்பார்கள். போன பனிக்காலத்தில் மேல் எஸ்டேட்டில் வேலைக்கு வந்த வடக்கத்தி ஆட்கள் இரண்டு பேர் அப்படித்தான் தூங்கினார்கள். தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். அறைக்குள் ஒரு துளிப் புகை இல்லை, வாடை இல்லை. ஒருவன் இன்னொருவன் தோளில் கை போட்டிருந்தான். கன்னமும் உதடும் சிவந்து, அப்போதுதான் பால் குடித்து உறங்கிய பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். கையைத் தொட்டபோதுதான் கல். சிவந்த கரிதான் கொல்லும், புகை வந்தாலாவது இருமி எழுந்திருப்பார்கள் என்று வந்த டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு நின்ற எங்களில் யாரும் நம்பவில்லை, எனக்கு மட்டும் அந்தக் கன்னங்கள் மறக்கவில்லை. நேற்று இன்னாசி சட்டியைத் துணியால் பிடித்து உள்ளே கொண்டுபோனதை இதே கட்டையில் உட்கார்ந்து பார்த்தேன். சொல்லவில்லை. அவனோடு நான் பேசுவதில்லை, அது ஊருக்கே தெரியும். படுக்கும்போது வெளியே வைப்பான் என்று நினைத்தேன். நினைத்தேனா? வாசலில் சட்டி இல்லை.

சரி. தேநீர் ஆறுகிறது. இன்னொரு மடக்கு. நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. எத்தனை கோடாலி, எத்தனை பிளேடு, எத்தனை பாறை, கடைசியில் பார்த்தால் ஒன்றுமே வேண்டாம், வெயில் காய்ந்தபடி ஒரு கிழங்கு தின்றால் போதும், அவன் செத்திருப்பான். அல்லது சாகாமலிருப்பான், குடித்துவிட்டுத் தூங்குகிறான், ருக்மணி சொன்ன மாதிரி. குடித்தானா? நேற்று விசிறும்போது கை நிதானமாக இருந்தது. வெயில் மேலிருந்து கீழே இறங்குகிறது, என் வரிசையைத் தாண்டிவிட்டது, குழாயைத் தொட்டுவிட்டது. அவன் கதவைத் தொடட்டும், பிறகு பார்க்கலாம். தொட்டால் அவனே எழுந்துவிடுவான், கதவு வழியாகச் சூடு தெரியும். குழாயிலிருந்து துவைக்கல்லுக்கு. கல்லின் மேல் ஒரு பூனை, அதன் முதுகில் வெயில், அது எழுந்து வளைந்து மறுபடி படுக்கிறது. நானும் அதுவும் ஒன்று. அங்கே ஒருவன் உயிரை விட்டுக்கொண்டிருக்கிறான், இங்கே இரண்டு பிராணி சுகமாக இருக்கிறது. செத்துப் போ. செத்துப் போடா. உன் நாக்கு வெளியே தள்ளட்டும், நகம் சுவரைப் பிராண்டட்டும், கதவை அடித்து அடித்துக் கை பிய்ந்து போகட்டும். ஆனால் கதவு அடிபடும் சத்தம் கேட்கவில்லை. கேட்காது. அந்த இரண்டு பேர் கதவை அடிக்கவில்லை. அவர்கள் எழுந்திருக்கவே இல்லை. ஒருவன் தோளில் ஒருவன் கை. இது இடறுகிறது. இதைத் தாண்டிப் போக முடியவில்லை. அவன் சுகமாகப் போகிறான். கதகதப்பாக, கம்பளிக்குள், கன்னம் சிவந்து, வலிக்காமல், பயப்படாமல், ஏதாவது கனாக்கூட கண்டுகொண்டு. செவந்தி அந்தச் சரிவு முழுவதும் விழித்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு பாறையையும் அவள் பார்த்திருப்பாள். கண் திறந்துதான் இருந்தது, நான்தான் மூடினேன், இமை மண்ணோடு ஒட்டி வரவில்லை. அவளுக்கு அது, இவனுக்கு இதா? மாசி வெயிலும் கரிச்சட்டியும் தூக்கமுமா? விடமாட்டேன். இவனை இப்படிச் சுகமாகச் சாக விடமாட்டேன். எழுப்புவேன். எழுப்பி, வெயிலில் நிறுத்தி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் வருவதைப் பார்க்க வைத்து, பிறகு. டம்ளர் எங்கே விழுந்தது தெரியவில்லை. கோடாலி கையில் இருக்கிறது. படிக்கல்லில் இன்னும் பனி, கால் வழுக்குகிறது, ஒரு கையை ஊன்றி எழுந்து இறங்குகிறேன்.

கதவு பழைய கற்பூரமரப் பலகை. முதல் வெட்டில் கோடாலி உள்ளே போய் மாட்டிக்கொள்கிறது, காலை வைத்து உதைத்து இழுக்கிறேன். பலகையில் விழுகிற இரண்டாவது வெட்டு அவன் தோளில். அடுத்தது அவன் கழுத்தில். இத்தனை வருடம் கை பழகிய வெட்டு, ஒன்றுகூடத் தவறவில்லை, செதில் பறந்து என் கன்னத்தைக் கிழிக்கிறது, சூடாக ஏதோ வாய்க்குள் வருகிறது, உப்பு. தாழ்ப்பாள் பக்கம் பலகை வாய் பிளக்கிறது, நாலாவது வெட்டில் கோடாலி மறுபடி மாட்டிக்கொள்ள, அதை அங்கேயே விட்டுவிட்டுத் தோளால் இடிக்கிறேன். சாக்கு இழுபட்டுக் கதவு திறக்கிறது. இருட்டு. வாடை இல்லை, புகை இல்லை, நல்ல கதகதப்பு, என் முகத்துக்குக்கூட இதமாக இருக்கிறது, அதுதான் பயங்கரம். கட்டிலுக்குக் கீழே சட்டி, சாம்பலுக்குள் ஒரு கண் இன்னும் சிவப்பாக. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். புரட்டுகிறேன். கன்னம் சிவந்திருக்கிறது. உதடு சிவந்திருக்கிறது. வாய் கொஞ்சம் திறந்து, யாரோ கூப்பிட்டுப் பதில் சொல்ல வந்தவன் மாதிரி. கையைத் தொடுகிறேன், கல் இல்லை. என்னவோ செய்யவேண்டும் என்று வந்தேன், என்ன என்று தெரியவில்லை. கதவுக்கு ஓடி வெளிச்சத்தில் நின்று கத்துகிறேன். ருக்மணி, ஓடியா, இன்னாசி போறான், ஆளக் கூப்பிடு. தொண்டை கிழியக் கத்துகிறேன். காட்டுமாட்டுக்குக் கத்துகிற குரல். அது எதிர்மலையில் பட்டு எனக்கே திரும்பி வருகிறது. யாரும் வரவில்லை. திரும்ப உள்ளே போய் அவன் அக்குளுக்குள் கையை விட்டு இழுக்கிறேன், அன்று குதித்ததில் நொண்டியான அவன் கால் கட்டிலில் மாட்டுகிறது, கம்பளி கூடவே வருகிறது, தலை நிலைப்படியில் மோதுகிறது, மோதட்டும், இழுக்கிறேன், வெயிலின் ஓரம் வரைக்கும் இழுத்துப் போட்டு, கன்னத்தில் அறைகிறேன். அறைவது நன்றாக இருக்கிறது. மறுபடி அறைகிறேன். எழுந்திருடா. இந்தக் கன்னத்தில், அந்தக் கன்னத்தில். எழுந்திருடா நாயே, செத்தால் கொன்றுபோடுவேன். அவன் நெஞ்சு ஒரு தடவை தூக்கிப் போடுகிறது. பிறகு கொழகொழவென்று வாந்தி, என் மடியில், சூடாக.

பிறகுதான் ருக்மணி முந்தானையைச் செருகிக்கொண்டு தன் வாசலிலிருந்து எட்டிப் பார்க்கிறாள், பார்த்து ஓடிவருகிறாள், தண்ணீர் கொண்டுவருகிறாள், அவன் முகத்தைத் துடைக்கிறாள். அவள் புருஷன் ஜீப்புக்கு ஓடுகிறான். ஆள் சேர்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், நான் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், கன்னத்திலிருந்து ரத்தம் சொட்டுகிறது, இத்தனை நேரம் எங்கே போய்த் தொலைந்தாய் என்று அவள்மேல் எரிந்து விழுகிறேன்.

"உள்ளதான் இருந்தேன். மரம் பொளக்குற சத்தம் கேட்டுச்சு. நீதான் மேல வெறகு வெட்டுறேன்னு நெனச்சேன்."

"கத்தினேனே. தொண்டை கிழியக் கத்தினேன்."

"இல்லண்ணே. இந்தச் செவுத்துக்கு அந்தாண்டதான் நின்னேன், கையில கொடத்தோட. மனுசக் குரல் ஒண்ணும் கேக்கல."

நான் பக்கத்தில் நிற்கிறவர்களைப் பார்க்கிறேன். குழாயடிக்கு வந்தவர்கள், கோயிலுக்குக் கிளம்பியவர்கள். நீ கேட்டியா என்கிறேன், நீ? தலையை ஆட்டுகிறார்கள். ஒருத்தி என் முகத்தைப் பரிதாபமாகப் பார்க்கிறாள். கத்தினேன் என்கிறேன். எதிர்மலையைக் கையால் காட்டுகிறேன், அங்க பட்டுத் திரும்பி வந்துச்சு, எனக்கே கேட்டுச்சு என்கிறேன். சொன்ன பிறகு அந்தச் சொற்கள் வாயில் நிற்கின்றன. இவை என்னுடையவை இல்லை. இதே குரல், இதே கெஞ்சல், இதே கை நீட்டல், டீக்கடையில் என் முதுகுக்குப் பின்னால் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். தொண்டையைத் தொட்டுப் பார்க்கிறேன். கத்தியவனின் தொண்டை எரியும், கமறும், எனக்குத் தெரியும், அது என் தொழில். எரியவில்லை. காலையில் தேநீர் போன வழி அப்படியே வழவழப்பாக இருக்கிறது.

இன்னாசி கண்ணைத் திறந்து வெயிலுக்குக் கூசி மூடிக்கொள்கிறான். ஜீப் வருகிற வரைக்கும் தலையை நிமிர்த்தி வை என்கிறார்கள், அதனால் பிடித்திருக்கிறேன். இத்தனை பனிக்காலமாக நான் பிளந்துகொண்டிருந்த தலை என் தொடைமேல் கனக்கிறது. தொண்டை எலும்பு ஏறி இறங்குகிறது. கோடாலி அவன் கதவில் மாட்டியபடி நிற்கிறது, அதன் காம்பில் வெயில் வந்து தொட்டிருக்கிறது. மேலே என் அடுப்பில் கிழங்கு கருகுகிற வாடை. அவன் உதடு அசைகிறது, மச்சான் என்கிறானா, தண்ணி என்கிறானா தெரியவில்லை, குனிந்து காதை வைக்கிறேன், மூச்சு மட்டும் படுகிறது, சூடாக. ருக்மணி என் கன்னத்தில் துணியை வைத்து அழுத்தியபடி மெதுவாகச் சொல்கிறாள், சரிண்ணே, கத்தியிருப்பே, எங்களுக்குத்தான் கேக்கல.